சிக்னல் நன்றாகவே இருந்தது

எங்கள் காரின் கூரையில் காந்தம் ஒட்டாது. அது கண்ணாடிக் கூரை. சாட்டிலைட் இன்டர்நெட் டிஷ்ஷைக் கார்மேல் பொருத்துவதற்கென்று காந்தக் கால்கள் வாங்கி, சான் ரமோன் வீட்டு கராஜ் முன்னால் ஏணி போட்டு ஏறி, மூலைக்கு ஒன்றாக வைத்துக் கையை எடுத்தேன். அவை வரிசையாக வழுக்கி முன்கண்ணாடிக்கு இறங்கி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பல வருடமாக நான் ஓட்டும் கார். மழை பெய்யும்போது அண்ணாந்து பார்த்து ரசித்த கூரை.

"காந்தம் இரும்புலதான் ஒட்டும்னு எங்களுக்கு ஆறாம் கிளாஸ்லயே சொல்லிக் குடுத்துட்டாங்க," என்றாள் மனைவி, காபிக் கோப்பையோடு வாசலில் நின்றபடி. "உங்க இன்ஜினியரிங் காலேஜ்ல அந்தப் பாடம் இன்னும் வரலியா?"

மகள் படியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு இருபது வயது. நிலவியல் படிக்கிறாள். கோடை விடுமுறைக்கு மேற்கு டெக்சஸ் பாலைவனத்தில் ஒரு ஆய்வு முகாமில் வேலை கிடைத்திருந்தது. பாறை பொறுக்கப் போகிறாள் என்று நான் சொல்வேன், அவளுக்குக் கோபம் வரும். அங்கே கார் இல்லாமல் முடியாது. நானும் அவளும் ஓட்டிக்கொண்டு போய், காரை அவளிடம் விட்டுவிட்டு நான் விமானத்தில் திரும்புவதாக ஏற்பாடு. வழியில் பல மைல்களுக்கு போன் சிக்னலே கிடையாது என்று முகாமிலிருந்து வந்த குறிப்பில் இருந்தது. அதைப் படித்த அன்றே டிஷ்ஷை ஆர்டர் பண்ணிவிட்டேன்.

மகளுக்காக என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். அதில் பொய்யில்லை. பக்கத்துக் கடைக்குப் போனால்கூட அவள் போன் எங்கே இருக்கிறது என்று மேப்பில் பார்த்துக்கொண்டிருக்கிற தகப்பன் நான். ஆனால் உண்மையான காரணம் ஊரில் இருந்தது. ராத்தா படுத்த படுக்கையாக இருந்தாள்.

ராத்தா என்றால் எனக்கு அக்கா. உம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். ராமநாதபுரம் பக்கம் கடலோரத்தில் எங்கள் ஊர். அவளுக்கு ஈரலில் வந்த புற்று முற்றிய பிறகுதான் தெரிந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் போயிருக்க வேண்டும். ஆனால் நான் இன்னும் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன். வெளியே போனால் விசாவை மறுபடி முத்திரை குத்தாமல் உள்ளே வர முடியாது. அதற்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்காமல் மாதக்கணக்கில் அங்கேயே மாட்டிக்கொண்டு வேலையை இழந்தவர்கள் என் ஆபீசிலேயே இருக்கிறார்கள். "வராதே" என்று சொன்னது ராத்தாதான். "வந்து என்ன பண்ணப் போறே? என் காலப் புடிச்சிக்கிட்டு அழுவே. அத அங்கேருந்தே அழு."

அவள் கேட்டது ஒன்றுதான். எங்கள் வீட்டில் இறந்தவர் உடலை, மையித்தை, படம் எடுக்கும் வழக்கம் இல்லை. பெண் என்றால் அறவே இல்லை. குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, முகத்தை மூடுவதற்கு முன்னால் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் வந்து கடைசியாகப் பார்ப்பார்கள். பிறகு மூடிவிடுவார்கள். ராத்தா தன் புருஷனை, என் மச்சானைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்: "படம் கிடம் எடுக்கக் கூடாது. ஆனா மூடுறதுக்கு முன்னாடி வீடியோ கால் போட்டு என் தம்பிக்கு மட்டும் காட்டிடுங்க. அவன் பாக்கணும்." மச்சானும் சரி என்றார். அன்றிலிருந்து நான் போனைக் கீழே வைத்ததில்லை. பாத்ரூமுக்கும் எடுத்துப்போனேன். மீட்டிங்கில் மேஜைமேல் திரை தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். மூன்று நாள் கார் பயணத்தில் சிக்னல் இல்லாத நேரமாகப் பார்த்து அது நடந்துவிட்டால் என்ற நினைப்பில் எனக்குத் தூக்கம் போனது.

காந்தத்துக்குப் பிறகு கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கிண்ணங்கள் வாங்கினேன். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் வகை. சாயங்காலம் நன்றாகப் பிடித்தது. மறுநாள் காலைக் குளிரில் ஒன்று பட்டென்று விட்டது. ஃப்ரீவேயில் அது பறந்து பின்னால் வருகிறவன் கண்ணாடியில் விழுவதாக ஒரு காட்சி எனக்குள் ஓட ஆரம்பித்ததும் அதையும் தூக்கிப் போட்டேன். கடைசியில், சாமான் கட்டுவதற்காகக் கூரைக்குக் குறுக்கே போடும் இரண்டு கம்பிகள் வாங்கி, அவற்றில் போல்ட் போட்டு டிஷ்ஷை முடுக்கினேன். அது கழன்றாலும் போகாதபடி கம்பியோடு சேர்த்து ஒரு நாடாவால் கட்டினேன். ஒயரைப் பின்கதவின் ரப்பர் விளிம்பு வழியாக உள்ளே விட்டேன். மழைத்தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்துவிடும் என்பதால், நுழைவதற்கு முன்னால் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் நான் செருகிய சாதாரண அடாப்டர் போதவில்லை. டிஷ் கண் விழிக்கும், அணையும், மறுபடி விழிக்கும். பெரிய அடாப்டர் வந்த பிறகு நின்று எரிந்தது. 680 ஃப்ரீவேயில் ஏறி வேகமாக ஓட்டிப் பார்த்தோம். காற்றில் கம்பி லேசாக விசிலடித்தது. மகள் பின்சீட்டிலிருந்து யூட்யூப் போட்டுக் காட்டினாள். தடங்கல் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ராத்தாவுக்கு வீடியோ கால் போட்டுக் கூரையைக் காட்டினேன். அவளால் அப்போது தலையைத் தூக்க முடியாது. மச்சான் போனைப் பிடித்திருந்தார்.

"என்னடா அது, கார் மேல கேரம் போர்டு?"

"டிஷ் ராத்தா. இனி மலை, காடு, பாலைவனம், எங்க போனாலும் நெட் வரும்."

"அப்ப சிக்னல் இல்ல, அதான் எடுக்கலன்னு இனிமே புளுக முடியாது."

"எப்ப கூப்ட்டாலும் எடுப்பேன்."

"பாக்கலாம்," என்றாள். பிறகு, "புள்ளய வெயில்ல அலைய விடாதே. முக்காடு போட்டுக்கச் சொல்லு. கறுத்துடுவா."

"மாமி, சன்ஸ்க்ரீன் இருக்கு!" என்று மகள் பின்னாலிருந்து கத்தினாள்.

அதுதான் நான் ராத்தாவோடு கடைசியாகப் பேசியது.

பயணத்தின் முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னாள், பாட்டுப் போட்டாள், சாலையோரப் பாறைகளுக்கெல்லாம் வயது சொன்னாள். நான் நிறுத்திய இடத்திலெல்லாம் ஏறி போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டாம் இரவு நியூ மெக்சிகோவில் ஒரு மோட்டலில் தங்கினோம். மறுநாள் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுச் சீக்கிரமே கிளம்பினோம். எங்களுக்குக் காலை, ஊரில் அது மாலை.

எல் பாஸோ தாண்டியதும் சாலை காலியானது. என் போனில் சாதாரண சிக்னல் போய்விட்டது, டிஷ் மட்டும்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. "பாத்தியா? சுத்திலும் ஒரு ஈ காக்கா இல்ல. ஆனா நமக்கு ஃபுல் நெட்," என்றேன். அவள் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் வைத்திருந்தாள்.

"என்னம்மா, தலை சுத்துதா?"

"நோ. ஐ'ம் ஃபைன்."

கொஞ்ச தூரம் போனதும், "வாப்பா, கேன் ஐ டிரைவ்?" என்றாள்.

"வேணாம்மா. லாரி நெறைய வருது."

"யூ'ர் டயர்ட்."

"நான் நல்லா இருக்கேன். நீ தூங்கு."

அவளுக்கு லைசென்ஸ் வாங்கி நாலு வருடம். முகாமில் போய் அவள் தனியாகத்தான் இந்தக் காரை ஓட்டப் போகிறாள். ஆனாலும் நான் பக்கத்தில் இருக்கும்போது அவள் ஓட்டினால் என் வலது கால் தானாகவே பிரேக்கைத் தேடும். அதனால் கொடுப்பதில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடி வேண்டாம் என்றேன்.

"தென் கேன் வீ ஸ்டாப்? ப்ளீஸ்?"

ஓய்வு நிறுத்தம் ஒன்று வந்தது. இரண்டு கூரை போட்ட மேஜை, ஒரு கழிப்பறை, அவ்வளவுதான். நான் இறங்கி ஏணிப்படி போலக் கதவு விளிம்பில் ஏறி நின்று டிஷ்ஷைப் பார்த்தேன். பூச்சிகள் அடித்துக் காய்ந்து போயிருந்தன. துடைத்தேன். மச்சானுக்கு ஒரு கால் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"வாப்பா," என்றாள் மகள். "இந்த வைஃபை எவ்ளோ தூரம் வரும்?"

தமிழில் கேட்டாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவள் என் டிஷ்ஷைப் பற்றிக் கேட்டதுதான் எனக்குச் சந்தோஷம். அந்த மேஜை வரைக்கும் தாராளமாக வரும், அதுக்கு மேலேயும் கொஞ்சம் வரும், நடுவில் லாரி நிறுத்தினால் குறையும் என்று விளக்கினேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு மேஜைக்குப் போய் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். வெயிலுக்கு என்று நினைத்தேன். நான் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தபோதும் அப்படியே இருந்தாள், போனை முகத்துக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. நண்பர்களோடு பேசுகிறாள் என்று நான் காரில் ஏறி ஏசி போட்டேன்.

திரும்பி வந்து டிரைவர் பக்கக் கதவருகில் நின்றாள். "வாப்பா, லெட் மீ டிரைவ். ப்ளீஸ். ப்ளீஸ், வாப்பா."

"என்ன இன்னிக்கு இப்படி அடம் புடிக்கிறே? இன்னும் கொஞ்ச தூரம்தான். ஏறு, ஏறு."

அந்தக் கொஞ்ச தூரம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வந்தது. அவ்வளவு நேரமும் நான் பேசிக்கொண்டே வந்தேன். ஆகஸ்டில் விசா விஷயம் ஏதாவது மாறினால் ஊருக்குப் போகலாம் என்றேன். ராத்தா சின்ன வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டு உப்பளத்துக்குள் போய் விழுந்ததைச் சொன்னேன். மகள் சிரித்தாள்.

முகாமுக்கு முந்தைய சிற்றூரில் பெட்ரோல் பங்க். நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். அவள் கையை நீட்டினாள்.

"கீ குடுங்க, வாப்பா."

டிக்கியைத் திறக்கப் போகிறாள் என்று கொடுத்தேன். வாங்கித் தன் ஜீன்ஸ் பைக்குள் ஆழமாகத் திணித்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"மாமி மவுத்தாயிட்டாங்க. காலைல. நம்ம காலைல."

எனக்குப் புரிந்தது. ஆனாலும் முதலில் நான் சொன்னது, "சீக்கிரம் மச்சானுக்கு வீடியோ கால் போடு" என்பதுதான். போன் திரையைப் பார்த்தேன். சிக்னல் முழுதாக இருந்தது.

அவள் தலையை ஆட்டினாள். "முடிஞ்சிடுச்சு வாப்பா. இஷா தொழுகைக்கு அப்புறம் அடக்கம் பண்ணிட்டாங்க."

நம் ஆட்களில் ஒரு வழக்கம் உண்டு. பிரயாணத்தில் இருப்பவனிடம் மவுத்துச் செய்தி சொல்வதில்லை. கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வா என்பார்கள். வாப்பா இறந்தபோது எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சென்னை விமான நிலையத்தில் மச்சான் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வண்டி ஓட்டுகிறவன் என்றால் கேட்கவே வேண்டாம். மச்சான் என் மனைவிக்குப் போன் பண்ணியிருக்கிறார். நாங்கள் அப்போது சாலையில். மனைவி மகளுக்கு மெசேஜ் போட்டிருக்கிறாள்: வாப்பாவிடம் இப்போது சொல்லாதே, இறங்கியதும் சொல்லலாம். வெயில் காலம், வைக்க முடியாது, அன்றைக்கே எடுக்கிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும்.

மச்சானுக்குப் போன் போட்டேன். அப்போதுதான் அடக்கம் முடிந்து கபர்ஸ்தானிலிருந்து திரும்பியிருந்தார்.

"ஏன் மச்சான் சொல்லல? டிஷ் இருந்துச்சே. அதுக்குத்தானே மச்சான் மாட்டுனேன்."

"மாப்புள்ள, நீ ரோட்டுல இருந்தே. பொம்பளப் புள்ளய வேற வச்சிக்கிட்டு."

"நிறுத்தியிருப்பேனே."

"நிறுத்தியிருப்பே. அழுதிருப்பே. அப்பறம் அழுதுகிட்டே எடுத்திருப்பே. உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா அவ கபர்ல எப்படிப் படுப்பா? அவளக் கேட்டிருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பா."

"அவ கேட்டது அது இல்ல மச்சான்."

அவர் அழுதார். அவர் அழுவதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மனைவி அழைத்து, "என்னைத் திட்டுங்க, நல்லாத் திட்டுங்க," என்றாள். பங்க்கின் பின்னால் ஒரு துண்டு நிழல் இருந்தது. அங்கே தரையில் உட்கார்ந்தேன். மகள் தண்ணீர் வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிறகு சொன்னாள். ஓய்வு நிறுத்தத்தில், நானே ஓட்டுகிறேன், இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று அவள் தன் உம்மாவோடு மெசேஜில் சண்டை போட்டிருக்கிறாள். வாப்பா உனக்கு வண்டியைக் கொடுக்க மாட்டார் என்று உம்மா சொன்னாள். அது சரியாகத்தான் போயிற்று. "அப்ப நான் பாக்கறேன்னு சொன்னேன்," என்றாள். "சம்படி ஹாட் டு. யாராவது பாக்கணும்ல?" அந்த மேஜையில், துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, என் டிஷ்ஷின் வைஃபையில், எனக்குக் காட்ட வேண்டிய முகத்தை அவள் பார்த்திருக்கிறாள். நான் அப்போது கழிப்பறைச் சுவரில் பாம்பு ஜாக்கிரதை என்ற பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"எப்படி இருந்தாங்க?" என்றேன்.

அவள் ஆங்கிலத்தில் ஆரம்பித்து நிறுத்தினாள். தமிழில் தேடினாள். "ஸ்மால். சின்னதா இருந்தாங்க. மூக்குல பஞ்சு வச்சிருந்தாங்க. ஐ டிட்ன்ட் லைக் தட்."

"முகம்?"

"தூங்கற மாதிரி இல்ல, வாப்பா. எல்லாரும் அப்படிச் சொல்வாங்க. பட் இட் வாஸ்ன்ட்."

"வலி தெரிஞ்சுதா?"

"நோ. வலி இல்ல." கொஞ்சம் யோசித்து, "புருவம் இப்படி இருந்தது," என்று தன் ஒரு புருவத்தை லேசாகத் தூக்கிக் காட்டினாள்.

அது ராத்தா என்னைக் கிண்டல் பண்ணும்போது வரும் புருவம். அப்படித்தான் இருந்ததா, அல்லது எனக்காக அவள் அப்படிச் சொன்னாளா, தெரியாது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் இன்னும் இன்னும் கேட்டேன். துணி எதுவரை மூடியிருந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், விளக்கு வெளிச்சம் இருந்ததா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் உதடு நடுங்கியதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன். அவளும் சின்னப் பெண். மையித்தை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முகாம் வரை அவள்தான் ஓட்டினாள். நான் சாவியைக் கேட்கவில்லை.

மறுநாள் அவள் என்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டாள். கூரையில் டிஷ் இருந்தது. திரும்பி முகாமுக்கு அவள் தனியாக அத்தனை தூரம் ஓட்ட வேண்டும். போல்ட்டை வாரம் ஒருமுறை முடுக்கச் சொன்னேன். போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடச் சொன்னேன். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வாப்பா, உம்மாக்கு ஏதாவது ஆச்சுன்னா, இல்ல உங்களுக்கு, நீங்க எனக்குச் சொல்வீங்க இல்ல? ஈவன் இஃப் ஐ'ம் டிரைவிங்?"

சொல்வேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை. முந்தின நாள் எனக்கு நடந்ததற்குப் பிறகு அதைச் சொல்வதில் என்ன கஷ்டம் இருக்க முடியும்? ஆனால் அந்தக் காலியான சாலையும், எதிரே வரும் லாரிகளும், கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஓட்டுவதும் என் கண்முன்னே தெரிந்தன.

"நீ எங்கேயாவது ஓரமா நிறுத்திட்டு நீயே கூப்பிடும்மா," என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்படவில்லை. "ஓகே, வாப்பா," என்றாள். நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன். அவள் சிக்னல் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, நான் கற்றுக்கொடுத்த மாதிரியே மெதுவாக வண்டியை எடுத்தாள்.